தோட்ட எந்திரங்களுக்கும் நேரக் கட்டுப்பாடு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் இரைச்சல் என்றாலே ஒலிபெருக்கியும் வாகன ஹாரனும் பட்டாசும்தான் பேசப்படுகின்றன. ஆடி மாதத்து ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் பெருகிவரும் பெட்ரோல் எந்திரங்களை, அதாவது புல் வெட்டும் பிரஷ் கட்டர், சருகை ஊதித் தள்ளும் புளோயர், கிளை அறுக்கும் ரம்பம் ஆகியவற்றை முறைப்படுத்துமாறு மாநகராட்சியை வேண்டவே இக்கடிதம்.

இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. இரைச்சல் எழுப்பும் கட்டுமான எந்திரங்களைக் குடியிருப்புப் பகுதிகளில் இரவில் இயக்கக் கூடாது என்று 2010இல் கொண்டுவந்த திருத்தம் கூறுகிறது. தோட்ட எந்திரங்களின் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தாலும் பயன் குறைவுதான், ஏனெனில் அவற்றை எவரும் நள்ளிரவில் இயக்குவதில்லை. விதிகளின் கணக்கில் பகல் என்பது காலை 6 மணிக்கே தொடங்கிவிடுவதுதான் இங்கே சிக்கல்.

அந்த 55 டெசிபெல் ஒரு கணத்தின் அளவும் அன்று. காலை 6 முதல் இரவு 10 வரையிலான 16 மணி நேரத்தின் சராசரி. சன்னலுக்கு வெளியே ஒரு பிரஷ் கட்டர் 75 டெசிபெல் அளவில் அரை மணி நேரம் இரைந்துவிட்டு, எஞ்சிய பொழுதெல்லாம் தெரு அமைதியாக இருந்தால், அன்றைய சராசரி 60ஐ ஒட்டியே வரும். பகல் நேர வரம்பை 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ மீறினால்தான் விதிப்படி புகார் அளிக்க இயலும் என்பதால், 65ஐ எட்டாத அந்தக் காலைப் பொழுது ஏட்டளவில் குற்றமற்றதாகிவிடுகிறது. இரவுப் பணி முடிந்து விடியலில் படுத்தவரிடமோ பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவியிடமோ இந்தச் சராசரியைச் சொல்லி என்ன பயன்? எழும்பூர், தியாகராய நகர், பெரம்பூர் போன்ற இடங்களில் உள்ள ஒலி கண்காணிப்பு நிலையங்களும் அந்தந்த இடத்தின் நிலையைக் காட்டுமே தவிர, ஒவ்வொரு தெருவின் அரை மணி நேரத்தையும் பிடித்துத் தந்துவிடா.

எனவே புதிய சட்டத்துக்குக் காத்திருக்காமல், மாநகராட்சி தன் கையில் இருக்கும் ஒப்பந்தப் படிவத்திலிருந்தே தொடங்கலாம். பூங்காப் பராமரிப்புக்கும் மரக்கிளை கழிப்புக்கும் விடப்படும் ஒப்பந்தங்களில், குடியிருப்புப் பகுதிகளில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் பெட்ரோல் எந்திரங்களை இயக்கக் கூடாது என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அறவே கூடாது என்றும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது ரம்பத்தின் ஓசை நமக்கு நிம்மதியைத்தான் தந்தது. அத்தகைய அவசரப் பணிகளுக்கு விலக்கு அளிப்பதில் எவருக்கும் மறுப்பு இராது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் இதே நேர வரம்பைத் தம் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இந்த எந்திரத்தைத் தோளில் மாட்டியிருப்பவரின் காதுதான் அதற்கு மிக அருகில் இருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் வேலை செய்தால் நாளடைவில் செவித்திறன் குறையும். எனினும் காதுக்கவசம் அணிந்து புல் வெட்டுபவரைக் காண்பது அரிது. பஞ்சையோ கைக்குட்டையையோ காதில் செருகிக்கொள்பவர்கள்தான் உண்டு. கவசம் வழங்குவதையும் ஒப்பந்ததாரரின் பொறுப்பாக அந்த நிபந்தனையிலேயே எழுத வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் மீண்டும் முதுகு வளையத் துடைப்பத்தால் கூட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பேட்டரியில் இயங்கும் கருவிகள் ஓசையும் புகையும் குறைந்தவை. விலை கூடுதல் என்றாலும், புதிதாக வாங்கும்போதாவது அவற்றுக்கு முன்னுரிமை தரலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியே புதிய பெட்ரோல் தோட்ட எந்திரங்களின் விற்பனையையே முடிவுக்குக் கொண்டுவர முனைந்தது. நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நகரெங்கும் கிளைகளைக் கழிக்கும் பணி நடைபெறும். இவ்வாண்டு அதற்கான பணி ஆணைகளிலேயே மேற்சொன்ன நேர வரம்பைச் சேர்க்குமாறு மாநகராட்சி ஆணையரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கே.கே. நகர், சென்னை.