வண்டி போனது, கடன் நின்றது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வரி கோணினால் பொறுத்துக்கொள்.

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். மகன் கார் கடனில் நாலு தவணை விட்டுவிட்டான். வண்டியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்கிறான். உனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தீராதடா. பட்டவன் சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சித்தி மகனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். திட்டுவாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. அவன் தவணை விட்டான். ஒரு விடியற்காலையில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சனியன் விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினோம். ஏழு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவன் வீடு மாறிப் போயிருந்தான்; வந்தது என் பெயருக்கு!

கணக்கு எப்படி ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. நாலு தவணைதானே பாக்கி என்று உன் மகன் நினைப்பான். பெரும்பாலான ஒப்பந்தங்களில், தவணை தவறினால் மீதிக் கடன் முழுவதையும் உடனே கேட்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த முழுப் பாக்கி 100 பங்கு என்று வை. வண்டி ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுப்பவன் லாபம் வைத்து விற்கிறவன், சந்தை விலை கொடுக்கமாட்டான். 60 கிடைத்தது என்று வைத்துக்கொள். இழுத்துப்போன கூலி, நிறுத்திவைத்த வாடகை, ஏலச் செலவு, அபராத வட்டி எல்லாம் சேர்ந்து ஒரு 10. ஆக, இன்னும் 50 கட்ட வேண்டும், ஏறிப்போக வண்டியும் கிடையாது. அதைக் கட்டாவிட்டால் வழக்கு, தீர்ப்பு, பல நாடுகளில் சம்பளத்திலிருந்தே பிடித்தம். ஏலத்தில் பாக்கியைவிட அதிகம் கிடைத்தால் மிச்சம் நமக்கு வர வேண்டும் என்பதும் உண்மைதான். அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்க்கவில்லை.

தானாகக் கொண்டுபோய் விட்டால் இழுவைக் கூலி மிச்சம், வாசலில் அவமானம் மிச்சம். அவ்வளவுதான். விட்டே ஆக வேண்டும் என்றால், ஏலத்துக்குப் பிறகு வரும் குறையைத் தள்ளுபடி செய்கிறோம் என்று முதலில் எழுதி வாங்கச் சொல். வாய்வார்த்தை செல்லாது. அதைவிட நல்லது, கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு அவனே ஆள் பார்த்து விற்பது. ஏலத்தைவிட நல்ல விலை வரும். ஆனால் சொல்லாமல் விற்பதோ ஒளித்துவைப்பதோ கூடவே கூடாது. தவணை கட்டாதது பணத் தகராறு. வண்டியை மறைத்தால் அது குற்ற வழக்காகவே திரும்பலாம்.

வண்டியை எடுக்க வருகிறவர்களுக்கும் எல்லை உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் கோர்ட் உத்தரவு இல்லாமலே எடுக்கலாம், ஆனால் அமைதியைக் குலைக்கக் கூடாது: மிரட்டல், பூட்டு உடைத்தல் கிடையாது. இந்தியாவில் அடியாள் வைத்து வண்டி பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தது. எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் 1974 நுகர்வோர் கடன் சட்டம். தவணை முறை ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால், ஆளின் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது. மீறி எடுத்தால், அதுவரை கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம்! படித்தபோது ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது.

அப்புறம், வண்டிக்குள் இருக்கும் பொருள் கடனில் சேராது. எங்கள் வண்டியில் ஒரு பையும் சில சான்றிதழ்களும் போயின. கேட்டு வாங்க மூன்று வாரம் அலைந்தேன். மகனை இன்றைக்கே உள்ளே இருப்பதை எடுத்துவிடச் சொல். நோட்டீஸ் எதையும் பிரிக்காமல் போட்டுவைக்க வேண்டாம்: பணம் கட்டி வண்டியை மீட்கக் கெடு தந்திருந்தால் அதில்தான் இருக்கும்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவனுக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன் போட்டவனுக்கும் என்கிறது. மற்ற இடங்களிலும் ஜாமீன்தாரரை லேசில் விடுவதில்லை. என் நோட்டீஸோடு ஓடியபோது வக்கீல் இதைத்தான் படித்துக் காட்டினார். நீ எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. அந்தக் கடன் தாளின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து இருக்கிறதா? கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே, போன் பண்ணு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்