வளரறி மதிப்பீட்டிலிருந்து மார்க்கை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எஃப்.ஏ. என்கிற வளரறி மதிப்பீடு பள்ளிகள் சும்மா தூக்கிக் கொடுக்கிற நாற்பது மார்க். அதை ஒழித்துவிட்டுப் பழையபடி வாரத் தேர்வு வைத்தால்தான் பிள்ளைகள் படிக்கும்' என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் முதல் பாதியோடு எனக்குச் சண்டையே இல்லை. இரண்டாவது பாதிக்குத்தான் இந்தக் கடிதம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன்.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பிள்ளை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறது, புரிந்ததைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடச் சொல்கிறது. பயமும் பதற்றமும் இல்லாமல் பிள்ளை படிக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதையொட்டித்தான் 2012-13-இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60, பாடம் நடக்கும்போதே பிள்ளையின் கற்றலைப் பார்க்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதிலும் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செயல்பாட்டுக்கு மார்க் என்று எப்போது எழுதினார்களோ, அப்போதே அது சார்ட் பேப்பர் வியாபாரமாகிவிட்டது. பருவம் முடிகிற வாரத்தில் எங்கள் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். தெர்மாகோல், ஜிகினா, பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட். யார் வீட்டு அம்மா எப்படி 'ழ' போடுவார் என்பது எனக்கு அத்துப்படி. கடைசியில் பதிவேட்டில் 36, 37, 38 என்று வரிசையாக எழுதி முடிப்போம். யாருக்கும் குறைத்துப் போடவும் மனசு வராது, போட்டால் யார் வந்து கேட்பார்கள் என்ற பயமும் உண்டு. தேவகோட்டை வாசகர் கோபப்படுவது இதைப் பார்த்துத்தான் என்றால், அது நியாயமான கோபம்.

இதற்கு வாரத் தேர்வு மருந்தாகுமா? எங்கள் வகுப்பில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் பரப்பளவு, சுற்றளவு இரண்டும் அடுத்தடுத்து வரும். வாய்பாட்டைக் கேட்டால் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. "12 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு அறை. ஒரு அடிக்கு ஒரு அடி ஆத்தங்குடிக் கல் பதிக்கணும். எத்தனை கல் வாங்கணும்? பேசாமல் சிலேட்டில் எழுதித் தூக்குங்க." சிலேட்டுகள் மேலே வந்ததும் வகுப்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 120 என்று கொஞ்சம் பேர். 44 என்று நிறையப் பேர். 22 என்றும் சிலர் இருப்பார்கள்.

இந்த 44-ம் 22-ம் ஒரே தவறு கிடையாது. 44 எழுதிய பிள்ளை சுற்றளவைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது, எங்கே எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். 22 எழுதிய பிள்ளை கேள்வியில் கண்ணில் பட்ட இரண்டு எண்ணைக் கூட்டிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் இரண்டு பேருக்குமே பிரயோஜனமில்லை.

இந்த வருடம் அப்படி 44 சிலேட்டுகள் நிறைய வந்தபோது, கல் பட்டறையில் வேலை பார்க்கிறவர் மகன் ஒருவன் எழுந்தான். "நாப்பத்தி நாலு கல்லுன்னா சுவரோரமா ஒரு வரிசை ஓட்டுறதுக்குத்தான் காணும் டீச்சர். நடுவுல பூராம் மண்ணாத்தான் கிடக்கும்." வகுப்பே சிரித்தது. சரி, ஓரத்துக்கு மட்டும் எத்தனை கல் ஆகும் என்று கட்டம் போட்டு எண்ணச் சொன்னேன். 40 வந்தது. மிச்சம் நாலு எங்கே போச்சு? மூலைக்கு ஒன்றாக நாலு கல், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணியிருக்கிறோம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மறுநாளைக்கு நான் வைத்திருந்த பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு இதையேதான் தொடர்ந்தோம். யாருக்கும் மார்க் போடவில்லை.

இதே கேள்வி வாரத் தேர்வில் வந்திருந்தால்? வெள்ளிக்கிழமை எழுதி, சனி ஞாயிறில் நான் திருத்தி, 44-க்கு ஒரு பெருக்கல் குறி, 22-க்கும் அதே பெருக்கல் குறி போட்டு, திங்கட்கிழமை தாள் கைக்கு வரும்போது வகுப்பு கோணங்களுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்துவிட்டுச் சொன்னது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளமாக வருகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், அவ்வளவு லேசில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போட்டுப் பதில் வரும், நாமும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

மார்க்கைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ரூத் பட்லர் என்பவர் 1988-இல் வெளியிட்டது. சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்தில் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் ஆர்வமாகவும் நன்றாகவும் செய்தார்கள். இரண்டையும் வாங்கியவர்களின் நிலை மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே இருந்தது. இஸ்ரேலில் நடந்த ஆய்வுதான், ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் 7/10 போட்ட நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஏழைப் பார்க்கும், அப்புறம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும், மூடிவிடும். நான் சிவப்பு மையில் எழுதிய நாலு வரி அப்படியே கிடக்கும்.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். படிக்க வைப்பது அம்மா, சில வீட்டில் அப்பத்தா. வாட்ஸ்அப்பில் அந்த அப்பா கேட்கக்கூடிய கேள்வி "எத்தனை மார்க்?" என்பதுதான், வேறு எதைக் கேட்பார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பருவத் தேர்வு இருக்கிறது. அது இருக்கட்டும்.

அன்றன்றைக்குப் பார்த்துத் திருத்துவது செட்டிநாட்டுக்கு ஒன்றும் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தியவர்கள் ஒரு பையனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, பிறகு மேலாளாக ஆக்கினார்கள். பேரேட்டில் பிசகினால் அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார்களே தவிர, கணக்கை முடித்து ஐந்தொகை போடும் நாள் வரைக்கும் விட்டு வைத்து மார்க் போடவில்லை.

தொடக்க வகுப்புகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று அதனதன் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் மதிப்பீடு செல்போன் செயலிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பிள்ளை வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டிய நேரத்தில் என் சக ஆசிரியை சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போகிறார்.

நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: சிலேட்டைத் தூக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். பழைய நோட்டில் கால் தாள் கிழித்துக் கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரே ஒரு கணக்கு எழுதி வாங்கினால், டீ குடிக்கிற நேரத்தில் புரிந்தது, அரைகுறை, சுத்தமாகப் புரியாதது என்று மூன்று கட்டாகப் பிரித்துவிடலாம். நேரத்தைத் தின்பது பதிவேடுகள்தான்.

கல்வித்துறைக்கு என் கோரிக்கை இரண்டு. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கான 20 மார்க்கை எடுத்துவிடுங்கள், செயல்பாடு இருக்கட்டும். சிறு தேர்வுக்கு மார்க் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், வாரத் தேர்வு கேட்கிறவர்களுக்கு அது போதும். அடுத்தது, பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் பதிவேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்காமல், 'போன வாரம் பிள்ளைகள் எதைத் தப்பாகச் செய்தார்கள், அதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள்?' என்று கேட்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும் குறுவள மையக் கூட்டத்திலும் ஸ்லைடு ஸ்லைடாகப் பயிற்சி தருவதற்குப் பதில், ஒவ்வொருவரும் தங்கள் வகுப்பிலிருந்து பத்து தவறான விடைகளைக் கொண்டு வந்து மேசையில் போட்டுப் பேசலாம். பைசா செலவில்லை. சனிக்கிழமை எப்படியும் நாங்கள் அங்கே போய்த்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித பட்டதாரி ஆசிரியை,
காரைக்குடி வட்டாரம்