இந்த வருடம் பிள்ளைகளுக்கு இயந்திரத்தைக் காட்டுவோம்: நம் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மாவுக்கும், சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலவையில் இருக்கும் அக்காமார் தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை மகளின் புத்தகப்பையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருடக் கடைசிச் சுற்றுலா, இடம் தண்ணீர்ப் பூங்கா, மூன்றாவது வருடமாக அதே இடம். கூட்டத்தில் எழுந்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை, அதனால் எல்லாரும் நிதானமாகப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தண்ணீரில் விளையாடப் பிள்ளைகளுக்கு ஆசைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளில் நிறைய பேர் வருடத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் பள்ளி பஸ்ஸில்தான், தெலுக் இந்தானைத் தாண்டி எங்கேயாவது போகிறார்கள். அந்த ஒரு நாளும் சறுக்குக் குழாயோடு முடிந்துபோகிறதே என்று மனசு கேட்கவில்லை. நல்ல ரைடுகள் ஓடுகிற, இயந்திர உருவங்கள் அசைகிற பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். போவதற்கு முன்னால் அதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்போம். என் கோரிக்கை இவ்வளவுதான், மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: செம்பனை ஆலையில் 22 வருடமாக இயந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. குலை வேகிற ஸ்டெரிலைசரின் கதவு, பிரஸ், கன்வேயர், எண்ணெயை அழுத்தி அனுப்புகிற ஹைட்ராலிக் பவர் பேக், காற்று வால்வு, இதோடுதான் என் பொழுது போகிறது. நம் பிள்ளைகளின் அப்பாக்கள் பலருக்கும் இதே பிழைப்புதான், இல்லாவிட்டால் குலை வெட்டு, இல்லாவிட்டால் லாரி.

மூன்று வருடம் முன்னால் சீட்டுப் பணம் கிடைத்தபோது குடும்பத்தோடு சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போனோம். அங்கே ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டமான படகில் உட்கார்ந்து ஆற்றோட்டத்தில் போகிற ரைடு ஒன்று இருக்கிறது. ஆடி, நனைந்து, கடைசியில் படகு ஓர் இருட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் படகு அப்படியே மேலே ஏறும், லிஃப்டில் ஏறுகிற மாதிரி, எட்டு ஒன்பது பேரோடு. மேலே போனதும் டைனோசர் தலை ஒன்று, வாயைத் திறந்துகொண்டு, எட்டித் தொட்டுவிடலாம் போலப் பக்கத்தில். அடுத்த நொடி படகு கீழே பாய்கிறது. வெளியே வந்து துண்டால் தலையைத் துவட்டும்போது என் மகள் கேட்டாள்: “அப்பா, அது கத்துறதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சே, உங்க மில்லுல வர்ற சத்தம்தானே அது?”

ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரே ஒரு தடவை ஆலையின் குடும்ப நாளுக்கு வந்தவள், அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடிலும் ஏறினோம். இது உலகத்திலேயே முதலில் திறந்தது சிங்கப்பூரில்தான், 2011 டிசம்பரில். அமெரிக்காவில் ஹாலிவுட்டுக்கு 2012இலும் ஓர்லாண்டோவுக்கு 2013இலும்தான் போனது. தண்டவாளத்தில் ஓடும் வண்டி, வண்டிக்கு அடியில் நாலாப் பக்கமும் சாய்க்கிற ஆட்டுமேடை, முன்னால் பெரிய முப்பரிமாணத் திரைகள். திரையில் ரோபோ குத்துகிற அதே கணத்தில் வண்டி பின்னால் சாய்வதால் குத்து நம் மேல் விழுந்த மாதிரியே இருக்கும். நடுவில் வண்டியை லிஃப்டில் ஒரு மாடி ஏற்றி இறக்கியும் விடுகிறார்கள், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. நேரம் பார்த்துச் சேர்க்கிற அந்தத் திறமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. மகள் கத்திக் குதித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். ஆனால் ராத்திரி அறையில் படுத்துக்கொண்டு அவள் பேசியது முழுக்க அந்த டைனோசர் தலையைப் பற்றித்தான்.

அதிலிருந்துதான் நான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறையில் பெரிய போட்டி டிஸ்னிக்கும் யூனிவர்சலுக்கும். டிஸ்னி 1963இல் கலிபோர்னியாவில் பாடும் பறவைகளைக் கூரையிலும் கிளைகளிலும் உட்கார வைத்து ஒரு காட்சி தொடங்கியது. ஒலிநாடாவில் பாட்டோடு சேர்த்துப் பதிந்த சைகை வால்வைத் திறக்கும், காற்று போய் அலகை அசைக்கும். அடுத்த வருடம், 1964இல், நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கனையே எழுந்து நின்று பேச வைத்தார்கள். ஓர் ஆள் எடையைத் தூக்கி நிறுத்தக் காற்று பத்தாது, அங்கே ஹைட்ராலிக் எண்ணெய் வந்தது. எண்ணெய் வந்தால் கசிவும் வரும், உருவங்களின் உடுப்பில் கறை படியும். நம் ஆலையில் சீல் போன சிலிண்டரைத் துடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது டிஸ்னி மின்மோட்டாருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2017இல் ஃப்ளோரிடாவில் அவதார் படத்தின் உலகத்துக்கு அவர்கள் வைத்த பாடும் பெண் உருவத்தின் கையையும் முகத்தையும் வீடியோவில் பாருங்கள், இயந்திரம் என்று நம்புவது சிரமம்.

யூனிவர்சல் வேறு வழியில் போனது. 1999இல் ஸ்பைடர்மேன் ரைடில் ஆடும் வண்டியையும் முப்பரிமாணத் திரையையும் ஒன்றாகச் சேர்த்தார்கள், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு அதுதான் அண்ணன். 2010இல் ஹாரி பாட்டர் ரைடுக்கு கூக்கா என்ற ஜெர்மன் கம்பெனியின் ரோபோ கையைக் கொண்டுவந்தார்கள். கார் தொழிற்சாலையில் இரும்பைத் தூக்குகிற, வெல்டிங் அடிக்கிற கை. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலையில் வேலை பார்க்கிற நம் தம்பிகளைக் கேளுங்கள், அந்த மாதிரிக் கை எப்படித் திரும்பும் என்று அவர்களே காட்டுவார்கள். அதன் நுனியில் நாலு பேர் உட்காரும் இருக்கையை மாட்டி, கையின் அடியைப் பாதையில் நகர்த்தி, மனிதர்களைப் பறக்க விட்டார்கள். டிஸ்னி சும்மா இருக்கவில்லை, தண்டவாளமே இல்லாமல் தனித்தனியாகத் திரும்பி ஓடும் வண்டிகளை 2000இல் தோக்கியோவிலும் 2013இல் ஹாங்காங்கிலும் ஓட விட்டு, 2019இல் ஸ்டார் வார்ஸ் ரைடில் அதை இன்னும் பெரிதாகச் செய்தது.

வண்டியைப் பொறுத்தவரை யூனிவர்சல் எடுத்த துணிச்சல் பெரிது என்பேன். உருவங்களில் டிஸ்னிதான் முன்னால். ரொம்ப நாளாகத் திரை, திரை என்று போன யூனிவர்சல், 2025 மே மாதம் ஓர்லாண்டோவில் திறந்த எபிக் யூனிவர்ஸில் ஃப்ராங்கன்ஸ்டைன் ரைடுக்கு அந்த ரோபோ கையோடு கண்ணெதிரே அசையும் உருவங்களையும் நிறைய வைத்திருக்கிறது. என் மகளுக்கு அன்று ராத்திரி தெரிந்தது அந்தக் கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது. நாம் மூச்சு விடுகிற அதே காற்றில் ஒரு பொருள் அசைந்தால் உடம்பு அதை நம்புகிறது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். டிஸ்னி 2006இல் எவரெஸ்ட் மலை ரைடு ஒன்றைத் திறந்து, உள்ளே பிரம்மாண்டமான ஒரு பனிமனிதனை வைத்தது. ரயில் கீழே போகும்போது கையை வீசி எட்டிப் பிடிக்க வரும். சில மாதம்தான் அப்படி வீசியது. அப்புறம் அசைவை நிறுத்திவிட்டு, மின்னுகிற விளக்கைப் போட்டு அசைகிற மாதிரித் தோன்ற வைத்தார்கள். அடித்தளத்தில் சிக்கல், மலையைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது என்றுதான் பரவலாகப் பேசப்படுகிறது. இவ்வளவு காசு உள்ள கம்பெனிக்கே இந்த நிலைமை. பழுது பார்க்கிறவன் உள்ளே போய் நிற்க இடம் விட்டிருக்கிறார்களா என்பதைத்தான் எந்த இயந்திரத்திலும் நான் முதலில் பார்ப்பேன். வரைகிறவருக்கும் கழற்றுகிறவருக்கும் நடுவே பேச்சு இருக்க வேண்டும் என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது. நம் ஊரில் ‘பிட்டர் மகன்’ என்று சொல்லும்போது குரலை இறக்கிச் சொல்கிறார்கள். அந்தப் பனிமனிதன் முன்னால் நின்று யோசிக்க வேண்டிய வேலை அது.

சரி, எங்கே போவது? என்னைக் கேட்டால் சிங்கப்பூர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இதை எழுத உட்கார்ந்தபோது மகள் வகுப்பில் உள்ள இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன், செயலவைக்குத் தெரியும். பிறப்புப் பத்திரச் சிக்கல் இன்னும் தீரவில்லை, அவர்களுக்குக் கடப்பிதழ் எடுக்க வழியில்லை. எல்லையில் இரண்டு பேரைக் கழித்துவிட்டுப் போகிற சுற்றுலா நமக்கு வேண்டாம். பக்கத்திலேயே ஈப்போவில் 2017இல் ஓர் அனிமேஷன் பூங்கா திறந்தார்கள், 2020இல் அதுவும் மூடிவிட்டது, இருந்திருந்தால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய் வந்திருக்கலாம்.

அதனால் கெந்திங் மலைக்குப் போவோம். அங்கே ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா 2022 பிப்ரவரியில் திறந்தது, 26 ஏக்கர், ஐஸ் ஏஜ் உலகம் ஒரு பக்கம், ரோபோக்களின் ஊர் ஒரு பக்கம். டிஸ்னி, யூனிவர்சல் அளவுக்கு உருவங்களை எதிர்பார்க்கக் கூடாது, அதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவோம். ஆனால் பூங்காவுக்குள் போவதற்கு முன்னாலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸை மேலே வரை கொண்டுபோகாமல் கீழே அவானா நிலையத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், கேபிள் காரில் ஏறட்டும். அந்த இரும்புக் கயிறு ஒரு நொடிகூட நிற்பதில்லை. கூண்டு நிலையத்துக்குள் வந்ததும் தலைக்கு மேல் இருக்கும் பிடி திறந்து கயிற்றை விட்டுவிடும், கூண்டு தனியாக ஆமை மாதிரி நகரும், பத்துப் பேர் ஏறிக்கொள்வார்கள், அப்புறம் சக்கரங்கள் கூண்டைத் தள்ளிக் கயிற்றின் வேகத்துக்குக் கொண்டுவந்ததும் பிடி மறுபடி ‘டக்’ என்று கவ்வும். எல்லாரும் ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க ஓடுகிற நேரத்தில் நம் பிள்ளைகள் மட்டும் அண்ணாந்து அந்தப் பிடியைப் பார்க்க வேண்டும், எனக்கு ஆசை அதுதான். குலையை ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சின்ன ரயில் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஜொகூர் லெகோலேண்டும் நல்ல இடம். 2012இல் ஆசியாவிலேயே முதலாவதாகத் திறந்த லெகோலேண்ட், சின்னச் செங்கல்லில் கட்டிய ஊருக்குள் ரயிலும் படகும் ஓடுவதைக் குனிந்து பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் நமக்கு ஒரு ராத்திரி தங்க வேண்டி வரும், அடுத்த வருடம் நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யோசியுங்கள்.

செலவு தண்ணீர்ப் பூங்காவை விடக் கூடுதலாக வரும், தெரியும். தலைக்கு எத்தனை வெள்ளி துண்டு விழுகிறது என்று பொருளாளர் அக்கா கணக்குப் போட்டுச் சொல்லட்டும், எங்கள் ஆலையில் நம் பள்ளியில் படித்தவர்கள் பதினோரு பேர் இருக்கிறோம், ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன், யாரும் முடியாது என்று சொல்லவில்லை.

போவதற்கு முந்தைய வாரம் எனக்கு ஒரு சனிக்கிழமை காலை கொடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சு, பிள்ளைக்கு இரண்டு, நடுவில் மெல்லிய குழாய். முதலில் குழாயில் வெறும் காற்று. ஒன்றை அழுத்தினால் மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டு மெத்மெத்தென்று எழும்பும், விரலால் தடுத்தால் அடங்கிப்போகும். அப்புறம் தண்ணீரை நிரப்பி அழுத்தச் சொல்வேன். அழுத்திய அளவுக்கு அப்படியே எழும்பும், விரலைத் தள்ளிவிடும். பறவைக்கு ஏன் காற்று, லிங்கனுக்கு ஏன் எண்ணெய் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். அதே சிரிஞ்சில் அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு டைனோசர் வாய் செய்து மாட்டுவோம், என் மகள் வீட்டில் இரண்டு செய்துவிட்டாள், இரண்டாவதுக்குப் பல்லெல்லாம் இருக்கிறது. கடைசியில் ஆலையிலிருந்து பழைய காற்று சிலிண்டரும் வால்வும் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவேன், அந்த உஸ் சத்தத்தை எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவை கிட்டத்தில் கேட்கட்டும். மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

பள்ளி மண்டபத்தின் மேடைப் பக்கம் உள்ள மூன்று முனை பிளக் வேலை செய்கிறதா என்று மட்டும் தோட்டக்கார அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கம்ப்ரஸருக்கு என் லாரியில் ஜெனரேட்டர் வரும்.

அன்புடன்,
ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா
தெலுக் இந்தான்