எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புற்றுநோய் பற்றி நீங்கள் போடும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். ஆனால் எந்தப் புற்றுநோயாக இருந்தாலும் கடைசியில் 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. வீட்டில் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்பவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு ஆளுக்கொரு பவுடரோடு வந்து நிற்கிறார்கள், டாக்டரிடம் கேட்காமலே கொடுக்கவும் சொல்கிறார்கள்.

லிம்போமா வருவதே எதிர்ப்பு சக்திக்கான லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில்தான். அவற்றில் ஒரு வகையான டி செல்கள், நோயில்லாதவை, அதை ஏன் அடித்து விரட்டுவதில்லை? அவற்றுக்கு பிரேக் போடுகிற செல்களும் அதே ரத்தத்தில் ஓடுகின்றன என்பது ஒரு முக்கியக் காரணம். 2011-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள், பி செல் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டில் வரும் லிம்போமா நோயாளிகளின் மோனோசைட்டுகளை (வேறொரு வகை வெள்ளை அணுக்களை) சோதித்தார்கள். டி செல்லுக்கு எதிரியை அடையாளம் காட்ட உதவும் ஹெச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறு பல மோனோசைட்டுகளில் குறைந்திருந்தது, நோய் தீவிரமானவர்களிடம் அப்படிப்பட்டவை கூடுதலாக இருந்தன, அவை டி செல்களைப் பெருகவிடாமல் அமுக்கின. மோனோசைட்டுகளை நீக்கிப் பார்த்தபோது டி செல்கள் மறுபடி பெருகின. டி செல்லுக்குத் தேவையான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் செய்வது இந்த வகை செல்களின் ஒரு வழி. இதைப் படித்துவிட்டு யாரும் ஆர்ஜினின் வாங்க ஓடவேண்டாம், நான் சொல்வது ஆய்வுக்கூடத்தில் செல்களை வைத்துப் பார்த்தது.

இப்படி பிரேக் போடுகிற இன்னொரு வகை ரெகுலேட்டரி டி செல்கள். அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் உடம்பை நாமே தாக்கிக்கொள்ளாமல் காப்பவை அவை, அதனால் மொத்தமாக ஒழித்துக்கட்டவும் முடியாது.

டி செல்களைப் புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி உடம்பில் ஏற்றும் கார்-டி சிகிச்சையையே பாருங்கள். மாற்றியமைத்த டி செல்களை ஏற்றுவதற்கு முன்னால் ஃப்ளுடாரபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்துகளைக் கொடுத்து ஏற்கெனவே இருக்கும் லிம்போசைட்டுகளை வேண்டுமென்றே குறைக்கிறார்கள், புது செல்களுக்கு இடம் கிடைக்கட்டும், தடுக்கிற செல்களும் குறையட்டும் என்று. அதாவது முதலில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறார்கள்! இதை ஒரு பவுடர் டப்பா எப்படிப் புரிந்துகொள்ளும்?

அப்புறம் இன்னொன்று. இந்தத் தடுப்புச் செல்களைப் பிரித்துப் பார்க்க, செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை வேண்டும், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அவை தெரியாது. ரிப்போர்ட்டில் மோனோசைட் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தால் அதற்குத் தொற்றும் காரணமாக இருக்கலாம், நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரத்தவியல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். அதுவரைக்கும் அந்த ஒரு வரியையாவது தயவுசெய்து நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்