முதல் சம்பளத்தோடு வாடகை உதவியை நிறுத்தாதீர்கள்

வீடற்ற குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டங்கள் நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் விதிகளில் ஒன்றை மாற்றக் கேட்டு இந்த மடல். வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்த மாதமே பல திட்டங்களில் வாடகை உதவி நின்றுவிடுகிறது. பல குடும்பங்கள் மறுபடி தெருவுக்கு வருவது அந்த மாதத்தில்தான்.

முதல் சம்பளம் பெரும்பாலும் முழுச் சம்பளமாக இருப்பதில்லை. 10-ஆம் தேதி சேர்ந்தவருக்கு மாதக் கடைசியில் ஏறக்குறைய 20 நாள் கூலிதான் வரும். பழைய கடன்காரர்களும் அன்றைக்கே வந்து நிற்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். வருமானம் 100 கூடுகிறது. அதைக் காட்டி உதவியில் 70 குறைக்கிறீர்கள். போக்குவரத்துக்கு 15, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 25. வேலைக்குப் போனதால் கையில் 10 குறைகிறது! இதற்குமேல் அவர் வேலையை விட்டால் சோம்பேறி என்று பெயர் வைப்பது அநியாயம்.

முழுச் சம்பளம் 3 மாதம் வரும்வரை வாடகையை அப்படியே கொடுங்கள். பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறையுங்கள். குடும்பம் கொடுக்கும் வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தொட்டதும் குறைப்பதை நிறுத்துங்கள். ஷிப்ட் குறைந்து சம்பளம் சரிந்தால், புது விண்ணப்பம் கேட்காமல் ஒரு வாரத்துக்குள் உதவியைக் கூட்டவும் விதி வேண்டும்.

அமெரிக்காவில் 2010 முதல் குடும்பங்களைச் சேர்த்த ‘ஃபேமிலி ஆப்ஷன்ஸ்’ ஆய்வு, 12 இடங்களில் 2,282 குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. நீண்டகால வாடகை உதவி பெற்றவர்களிடையே மறுபடி வீடிழப்பது ஏறக்குறைய பாதியானது. சில மாத உதவிக்கு அந்தப் பலன் இல்லை. நீண்டகால உதவி பெற்றவர்களில் வேலைக்குப் போவோர் தொடக்கத்தில் சற்றுக் குறைந்ததும் உண்மைதான். அதனால்தான் வீட்டோடு வேலைக்கான ஏற்பாடும் சேர்ந்தே வேண்டும் என்கிறோம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். ஷிப்ட் காலை 6 மணிக்கு, குழந்தைகள் காப்பகம் திறப்பது 8 மணிக்கு என்றால் அந்த வேலை ஒரு வாரம்கூட நிலைக்காது. வேலை தேடுமுன் காப்பகத்தின் நேரத்தை எழுதி வையுங்கள். அதற்குள் அடங்கும் வேலையைத் தேடுங்கள். அடையாளச் சான்று, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். மழையில் நனைந்து மை கலைந்த ஒரே ஒரு தாளால் கைக்கு வந்த வேலையும் போய்விடும்.

வீட்டு உரிமையாளரையும் மறந்துவிடாதீர்கள். வாடகை 5 நாள் தள்ளிப்போனதுமே அவர் கூப்பிட ஒரு எண் வேண்டும். 2 மாத பாக்கி சேர்ந்து, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபின் பேசப் போனால் அவர் காது கொடுத்துக் கேட்கமாட்டார். அந்த எண்ணை வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப மறுவாழ்வுக் களப்பணியாளர்கள்