பெற்றோருக்கு: அரையாண்டுச் செய்திகளும் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் சிறப்பாக நடந்தன. கோ-கோ அணி பரிசோடு திரும்பியது. எல்லோருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

அப்புறம், பல்கலைக்கழகத்தில் கணிதமேதை ராமானுஜன் நினைவாக வெள்ளிதோறும் நடக்கும் சொற்பொழிவுகள் பற்றி. நம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்திருக்கிறார்கள். டிசம்பர் 22 பிறந்தநாளுக்குப் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைகிற கூட்டமல்ல இது. தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பேராசிரியர் பலகையில் 4 என்று எழுதி, இதை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம் என்று கேட்டார். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 9-க்கு 30, 14-க்கு 135. இப்படி 4-இல் தொடங்கி ஐந்தைந்தாகத் தாண்டினால் விடை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்று கண்டவர் ராமானுஜன். பிள்ளைகள் 9-க்கான முப்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, அரங்க வாசலில் இருந்து பெற்றோர் சிலர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டதாம். பேச்சு முடிவதற்குள் எங்கள் வரிசையில் பாதி காலி.

உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ நெருங்குகிறது, டியூஷனுக்குக் கட்டிய பணமும் சும்மா வந்ததல்ல. இதற்கு மார்க் உண்டா என்றும் சிலர் கேட்டீர்கள். கிடையாது. மற்றப் பாடங்களில் தவறிக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். (இந்த வரியைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.) துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவருக்கு, பட்டம் இல்லாவிட்டாலும், 1913-இல் மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்ய விட்டது சென்னைப் பல்கலைக்கழகம். அவர் பெயரால் நடக்கும் பேச்சில் நடுவில் எழுந்து போவது பேசுபவருக்கும் அவமரியாதை, பள்ளிக்கும் தலைகுனிவு.

ஆகவே, பொங்கலுக்குப் பிறகு வரும் சொற்பொழிவுகளில் இடையில் யாரையும் அனுப்ப மாட்டோம். யார் வந்து கேட்டாலும் இதுதான் பதில். முழுநேரம் இருக்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்குப் பத்தாம் வகுப்பில் ஆள் காத்திருக்கிறது.

டியூஷன் நேரத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கும், வெயிலில் வெளியே பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கும், பேருந்தில் எல்லோருக்குமாகச் சுண்டல் கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. பேருந்து மாலை 6 மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்