கல்வெட்டின் ஏழாவது வரி

நம் திருச்சபையை நிர்வகிக்கப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் சேகர கமிட்டி அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தேர்தல் முடிந்தது. வெடி போட்டாயிற்று, பொன்னாடையும் போர்த்தியாயிற்று. அப்புறம் நீங்கள் போட்ட முதல் தீர்மானம், சபை விருந்தான அசனத்துக்கென்று கட்டிய புது மண்டபத்துக்குக் கல்வெட்டு வைப்பது. கோயில் வாசலில் அதன் நகலை ஒட்டியிருக்கிறீர்கள். மொத்தம் 21 பெயர். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

குறை சொல்ல எனக்குப் பெரிய அருகதை இல்லை. பழைய சமையல்கூடத்துச் சுவரில் இருக்கிற கல்லில் ஏழாவது வரி என் பெயர்தான். இனிஷியல் தப்பாக விழுந்துவிட்டது என்று கல் வெட்டியவரோடு சண்டை பிடித்து, சிமென்ட் வைத்து அடைத்து, மறுபடி வெட்ட வைத்தேன். இன்றைக்கும் அந்த ஓர் எழுத்து மட்டும் கொஞ்சம் பள்ளமாகத் தெரியும். அதே கூடத்துக்குப் பின்னால், அசனம் முடிந்த சாயங்காலத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஒற்றை ஆளாக அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக அடிக்கரியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். “என்ன, வேலை முடியலையா?” என்று கேட்டபடியே அவரைத் தாண்டிப் பல வருஷம் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

டோனாவூர் நமக்கு எட்டாத தூரமில்லை. அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். சாகும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை மீட்டு வளர்த்தார். 1931-இல் தடுக்கி விழுந்தபின் கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் தன் அறையோடு முடங்கிவிட்டார். 1951-இல் இறந்தபோது, தன் குழிமேல் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் எழுதினார்கள். இனிஷியல் இல்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கோயிலே பிடியரிசியில் எழும்பியதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்ட பாட்டிமார் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

பெரிய வியாழனன்று, இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு பேர் போய் முன்வரிசையில் உட்காருகிறோம். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிய கால். அதைத்தான் குருவானவர் மறுபடி கழுவுகிறார். மேல்வீட்டறையில் சீஷர்கள் நீட்டியது நாள் முழுக்கப் புழுதியில் நடந்த கால். கழுவ வேண்டிய வேலைக்காரன் அங்கே இல்லை. பந்தியில் இருந்த ஒருவருக்கும் எழுந்திருக்க மனசும் இல்லை. கடைசியில் போதகராகிய இயேசுவே துண்டை இடுப்பில் கட்டினார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் மனசு உறுத்தும். தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தை நாம் நமக்குக் கீழே இருக்கிறவர்களுக்கென்றே வைத்திருக்கிறோம். சில வருஷத்துக்கு முன் கோயில்பிள்ளை சம்பளம் கூட்டிக் கேட்டபோது, “ஊழியத்தைப் பணமாகப் பார்க்கலாமா?” என்று கமிட்டியில் கேட்டவர்களில் நானும் ஒருவன். கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று பவுல் எழுதினார். நாங்கள் அன்றைக்கு வெறுமையாக்கியது இன்னொருவர் வீட்டு அரிசிப்பானையை.

ஆகவே கேட்கிறேன். மண்டபத்துக் கல்லில் வருஷம் மட்டும் போதும். கல்வெட்டுக்கும் திறப்பு விழா பேனருக்கும் ஒதுக்கியதை நிறுத்தி, கோயில்பிள்ளை சம்பளத்தைக் கூட்ட வழி பாருங்கள். பழைய கல்லில் ஏழாவது வரியை அடைத்துவிட அனுமதி கேட்டுத் தனியாக மனுவும் கொடுத்திருக்கிறேன். அதை முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டால் நல்லது.

சனிக்கிழமை அசனம். பந்தி முடிய எப்படியும் நாலு மணி ஆகிவிடும். அதற்குப்பிறகு நான் பின்பக்கம் குழாயடியில்தான் இருப்பேன். சாம்பல் இருக்கிறது, தேங்காய் நார்தான் போதாது, வருகிறவர்கள் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பழைய கமிட்டி உறுப்பினன் ஒருவன்